துவக்குக்குச் சந்தனம்

சுவிஸ் நாட்டில் உட்கார இடமில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. ரயிலில் மெத்தை போட்ட இருக்கை உண்டு, ஆற்றங்கரையில் வாங்கு உண்டு, வெளிநாட்டவர் அலுவலகத்தில்கூட வரிசையாகக் கதிரைகள் உண்டு. ஆனால் "வா, இரு" என்று ஒருவர் தன் கையால் இழுத்துப் போட்ட கதிரை தவராஜாவுக்கு இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சோலோதுர்னில், ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்த்தளத்தில், எமில் அஃபோல்டர் என்ற கிழவரின் குசினி மேசைக்கு முன்னால் இருந்தது. அந்த மேசையில் சாப்பாட்டுத் தட்டுகளைவிட அதிகமாகத் துவக்குகள்தான், பழைய இராணுவத் துப்பாக்கிகள்தான் கிடந்தன என்பது வேறு விஷயம்.

தவராஜா அந்த வீட்டின் உச்சியில், கூரைக்குக் கீழே ஓர் அறையில் இருந்தார். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். எண்பத்தொன்பதில் அகதியாக வந்தவர். வயோதிபர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. ஊரில் யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே சொந்த மினிபஸ் ஓடியவர். இங்கே வந்து கட்டில் விரிப்புகளோடு ஓடிக்கொண்டிருந்தார். தங்கச்சிமார் இருவரையும் கனடாவில் கரைசேர்த்து முடிக்கையில் இவருக்குத் தலைமயிர் முடிந்துவிட்டது, கலியாண யோசனையும் அதோடு போய்விட்டது. வேலையில் அவரோடு பேச்சுக்கு மரியதாஸ் என்ற குருநகர்ப் பெடியன் ஒருவன் இருந்தான். அவனும் வேலை முடிந்ததும் திரிம்பாக்கில் இருக்கும் தன் மனைவி பிள்ளைகளிடம் ரயிலேறிவிடுவான். பிறகு தவராஜாவுக்கு அடுத்த நாள் காலை வரை வாயைத் திறக்கத் தேவையிருக்காது.

கிழவரோடு பழக்கம் ஏற்பட்டது உடுப்புத் தோய்க்கும் சாவியால். இந்த நாட்டில் கடவுச்சீட்டைத் தொலைத்தாலும் மன்னிப்பு உண்டு, உடுப்புத் தோய்க்கும் முறையைத் தவறவிட்டால் கிடையாது. நிலவறையில் ஒரே ஒரு இயந்திரம். இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை. கிழவரின் நாளுக்கு அடுத்தது தவராஜாவின் நாள். சாவியைக் கையோடு கை வாங்க வேண்டும்.

அப்படி ஒருநாள் சாவி வாங்கப் போனவர், திறந்திருந்த கதவால் உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையில் ஓர் ஆள் உயரத் துவக்கு. சுவரில் இன்னும் வரிசையாக. தவராஜாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வந்த சத்தம் இல்லாமல் நான்கு மாடியையும் திரும்ப ஏறி, கதவைப் பூட்டி, கட்டிலில் குந்திக்கொண்டார். அந்த முறை உடுப்புத் தோய்க்கவில்லை. அடுத்த முறையும் தோய்க்கவில்லை. குளியல் தொட்டியில் போட்டுக் கும்மிக்கொண்டார்.

கிழவர் தானே படியேறி வந்தார். எழுபத்தைந்து வயது, மூச்சு வாங்கியது, கையில் சாவி. அவர் பேசியது சுவிஸ் ஜேர்மன். தவராஜாவின் காதில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் போய் விழும். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

"போன முறையும் சாவி எடுக்கேல்லை, இந்த முறையும் எடுக்கேல்லை. நீங்கள் உடுப்புத் தோய்க்கிறதில்லையோ?"

"துவக்கு" என்றார் தவராஜா. ஜேர்மனில் அந்தச் சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். அகதி விசாரணையில் அடிக்கடி வந்த சொல்.

கிழவர் சிரிக்கவில்லை. "அதுகள் கிழட்டுத் துவக்குகள். சுடக் குண்டும் இல்லை, சுடச் சொல்லி அனுப்ப ஆளும் இல்லை. கீழ வாங்கோ, காட்டுறன்."

போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் தன் அறைக் கதவைத் தட்டி ஒருவர் "வாங்கோ" என்று சொல்லி எத்தனை காலம் என்று யோசித்தபோது தவராஜாவின் கால் தானாகச் செருப்பைத் தேடியது. கீழே போனால், மேசைக்கு முன்னால் ஒரே கதிரை. கிழவர் அவரை நிற்கச் சொல்லிவிட்டு நிலவறைக்கு இறங்கி, மனைவி செத்த பிறகு அங்கே போட்டு வைத்திருந்த மற்றக் கதிரையைத் தூக்கி வந்தார். ஈரத்துணியால் துடைத்தார். மேசையடியில் இழுத்துப் போட்டு, அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். தவராஜா இருந்தார்.

எல்லாம் பிரெஞ்சு இராணுவத் துவக்குகள். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஒரு பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதை உயர்த்தி இழுத்தால், கதவின் தாழ்ப்பாள் மாதிரி ஓர் இரும்புத் துண்டு பின்னால் வரும். தள்ளினால் குண்டு உள்ளே போகும். அந்தத் துண்டுக்குப் பெயர் போல்ட். ஷாஸ்போ, க்ரா, லெபெல், பெர்த்தியே என்று கிழவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னார். வீட்டுக்கு வந்தவருக்குப் பிள்ளைகளை அறிமுகப்படுத்துகிற அதே முகம்தான். எமிலுக்குப் பிள்ளைகள் இல்லை.

சுவிஸ்காரர் சுவிஸ் துவக்குச் சேர்ப்பார்கள், இவருக்கு ஏன் பிரெஞ்சுத் துவக்கு? அதற்கும் ஒரு கதை இருந்தது. நாற்பதாம் ஆண்டு, ஜூன் மாதம். எமிலுக்குப் பதினெட்டு வயது. யூரா மலைப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை. ஜேர்மன்காரனிடம் தோற்றுப்போன பிரெஞ்சுப் படை ஒன்று எல்லைப் பாலத்தைக் கடந்து தஞ்சம் கேட்டு உள்ளே வந்தது. பாலத்தின் இந்தப் பக்கத்தில் துவக்கைப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். விறகு குவிக்கிற மாதிரித் துவக்குகள் குவிந்தன. வந்தவர்களில் ஒருவன், கிட்டத்தட்ட எமிலின் வயது, தன் துவக்கை எறியுமுன் சட்டைக் கையால் அதைத் துடைத்தான். குழலைத் துடைத்தான், மரக்கட்டையைத் துடைத்தான். பிறகு எறியாமல் குவியலின் மேல் மெல்ல வைத்துவிட்டு நடந்தான்.

"எறியப்போற சாமானை ஏன் துடைச்சவன் எண்டு எனக்கு இண்டை வரைக்கும் விளங்கேல்லை" என்றார் எமில்.

அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க, கைக்கடிகாரத் தொழிற்சாலையில் உழைத்ததையெல்லாம் அவர் இந்தத் துவக்குகளில்தான் போட்டார். சந்தையில், ஏலத்தில், செத்த வீட்டுப் பரணில் என்று தேடித் தேடி வாங்கினார். பாலத்தில் கண்ட அந்தத் துவக்கு இவற்றில் இல்லை. அந்த மாதிரியில் ஒன்று இருந்தது, லெபெல். அதைத்தான் கடைசியில் காட்டினார். குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

தவராஜாவுக்கு மனதுக்குள் ஒரு பகிடி ஓடியது. இவைகளும் என்னை மாதிரி எல்லை கடந்து வந்ததுகள்தான், ஆனால் இவைகளுக்கு நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது, எனக்கு இன்னும் 'எஃப்' என்ற தற்காலிக அனுமதிதான். சொல்ல ஜேர்மன் போதவில்லை. தானே சிரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் அந்தக் கதிரைதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இறங்குவார். கிழவர் ஒரு துவக்கைக் கழற்றி எண்ணெய் பூசுவார், தவராஜா போல்ட்டை ஒரு துணியில் ஏந்திக்கொண்டிருப்பார். வேலை அவ்வளவுதான். பருத்திக் கையுறை போடாமல் எதையும் தொடக்கூடாது. விரலில் இருக்கும் உப்பே போதுமாம், ஒரு கிழமையில் இரும்பு துருவேறிக் கறளாகிவிடுமாம். இரும்பின் மேல் படிந்திருக்கும் அந்தப் பழைய பழுப்பு நிறத்தைத் தேய்க்கவே கூடாது. அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய துவக்கை எவனும் சீந்தமாட்டானாம். "நூறு வருசமாப் பிடிச்ச நிறம். ஒரு நிமிசத்தில போயிடும், திரும்ப வராது" என்பார். ஒருமுறை எரிவாயுக் கணக்குப் பார்க்க வந்தவன் வெறுங்கையால் ஒன்றைத் தொட்டுவிட்டான் என்று அவனை வெளியே போகச் சொன்னதாக இரண்டாம் மாடித் திரேசா சொல்லுவா. திரேசா இத்தாலியிலிருந்து தையல் வேலைக்கு வந்து இங்கேயே கிழவியானவா. அந்த வீட்டில் எந்தக் கதவு எப்போது திறக்கிறது என்பது அவவுக்குத் தெரியாமல் நடக்காது.

தவராஜாவின் தேநீருக்கு ரின்பால், அந்த இனிப்புக் கெட்டிப்பால், வேண்டும் என்பதைக் கிழவர் எப்படியோ கண்டுபிடித்து, பற்பசை மாதிரிக் குழாயில் வரும் ரின்பால் ஒன்று வாங்கி வைத்தார். பின்னேரம் வரை இருவரும் பேசினால் பத்து வசனம் தேறாது. ஆனால் அறையில் தனியாகப் பேசாமல் இருப்பதும் இன்னொருவரோடு பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல. தவராஜா திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போதே அடுத்த ஞாயிறைப் பார்த்துக்கொண்டுதான் போனார்.

மரியதாஸ் விடுவானா?

"என்ன அண்ணை, துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆள், இஞ்ச வந்து துவக்குக்கு எண்ணெய் போடுறியளாம்?"

"நான் எங்க போடுறன். அவர் போடுறார், நான் பிடிக்கிறன்."

"ஊருக்குத் தெரிஞ்சால் உங்களை இயக்கமெண்டும் சொல்லுவினம், ஆமியெண்டும் சொல்லுவினம்."

"சொல்லட்டும். அந்தாள் எனக்குக் கதிரை போட்டவர்" என்றார் தவராஜா.

ஒரு வசந்த கால ஞாயிறு, கிழவர் இரண்டு சின்னக் கிளாசில் பழச்சாராயம் ஊற்றினார். எழுந்து நின்று, "இனிமேல் 'நீங்கள்' வேண்டாம். நீ எண்டு சொல்லு. நான் எமில்" என்றார். இந்த நாட்டில் அது சும்மா விஷயமில்லை. பக்கத்து வீட்டில் முப்பது வருடம் இருந்தும் 'நீங்கள்' தாண்டாதவர்கள் உண்டு. மூத்தவர்தான் முதலில் கேட்க வேண்டும், கேட்டால் வீட்டுக்குள் எடுத்துவிட்டார் என்று அர்த்தம். தவராஜாவுக்கும் அது விளங்கியது. கிளாசை ஒரே மடக்கில் குடித்தார். ஆனால் தகப்பன் வயதுக்காரரைப் பெயர் சொல்லி 'நீ' என்று கூப்பிட நாக்கு எழும்புமா? "ஓம், ஹேர் அஃபோல்டர்" என்று ஐயா போட்டுத்தான் சொன்னார். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எமில் இவரை 'ராஜா, நீ' என்றார். இவர் எந்தப் பெயரும் சொல்லாமல், கூப்பிடாமலே பேசும் வித்தையைப் பழகிக்கொண்டார்.

தொண்ணூற்றேழு ஒக்ரோபரில் எமிலுக்குக் குடலிறக்க ஒப்பரேசன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டுச் சாவியைத் தவராஜாவிடம் கொடுத்தார். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். திங்கட்கிழமை திரும்பி வருவார். உரித்துடைய மருமகன், சகோதரியின் மகன் ஒருவன் சூரிச்சில் இருந்தும் சாவி தன்னிடம் வந்ததில் தவராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது.

அந்தக் கிழமைதான் நவராத்திரி. பத்தாம் திகதி வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. ஊரில் அன்றைக்கு மினிபஸ்ஸைக் கழுவி, ஸ்டியரிங்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தேசிக்காய் நசித்து, அந்த ஒருநாள் மட்டும் பஸ் ஓடாமல் நிற்கும். இங்கே வந்து எதற்கு வைப்பது? சலவை இயந்திரத்துக்கு வைக்கலாம் என்றால் அது இல்லத்தின் இயந்திரம், பொறுப்பாளரம்மா பார்த்தால் சுகாதாரம் என்று ஒரு பாட்டம் தொடங்குவா. எட்டு வருடமாக அவர் எதற்கும் வைக்கவில்லை. தன்னுடையது என்று சொல்ல ஓர் ஆயுதம் இல்லாத ஆளாகிவிட்டோமே என்ற கவலை அவருக்கு ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் வரும்.

அன்று வேலை முடிந்து வந்து பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது லெபெல் கண்ணில் பட்டது. எமில் வயிற்றில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருடைய ஆயுதங்கள் கவனிப்பாரில்லாமல் சுவரில் நிற்கின்றன. தவராஜாவுக்கு மனம் கேட்கவில்லை. மேலே போய்க் குளித்து, வேட்டி கட்டி, பன்னீரில் சந்தனம் குழைத்துக்கொண்டு இறங்கினார். கையுறை போட மறக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் வைக்கவில்லை, தலைவருக்கு மட்டும் வைத்தார். லெபெல்லின் குழல் தொடங்கும் இடத்தில், பழுப்பேறிய இரும்பின் மேல், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. கிழவர் சுகமாகத் திரும்பி வரட்டும் என்று கும்பிட்டார். அவர் வரும் வரை பொட்டு இருக்கட்டும், திங்கட்கிழமை காலையில் துடைத்துவிடலாம் என்று நினைத்தார்.

எமில் ஞாயிற்றுக்கிழமை காலையே வந்துவிட்டார்.

தவராஜா சத்தம் கேட்டு ஓடிவந்தபோது கிழவர் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் லெபெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொட்டைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறள் பிடித்திருந்தது. ஒரு நகத்தால் அதன் விளிம்பைத் தொட்டார். சந்தனம் உதிர்ந்தது. அடியில் இரும்பு புண் மாதிரி இருந்தது.

"இது என்ன?"

தவராஜாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயுத பூசையை ஜேர்மனில் எப்படிச் சொல்வது? "கொண்டாட்டம்... பத்தாம் திகதி... எங்கட கொண்டாட்டம். துவக்குக்கு. கடவுளுக்கு. சுகம் வர."

எமில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துவக்கை மேசையில் வைத்தார்.

"சாவியைத் தாருங்கோ" என்றார். "நீங்கள் இனி வர வேண்டாம்."

தமிழில் 'நீங்கள்' மரியாதை. அன்றைக்கு அந்தக் குசினியில் அது தவராஜாவின் முகத்தில் சாத்திய கதவு. சாவியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மேலே போனார். கட்டிலில் இருந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

பிறகு நடந்தது வெறும் வீம்பு. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை. தோய்க்கும் சாவி கைக்குக் கை வராமல் நிலவறை ஆணியில் தொங்கியது. ஞாயிறு மத்தியானம் கீழே வானொலி முணுமுணுப்பது படிக்கட்டு வழியாக மேலே கேட்கும். தவராஜா கட்டிலில் படுத்தபடி, இப்போது பெர்த்தியேயைக் கழற்றுவார், போல்ட்டை யார் பிடிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பார். படியில் எமிலின் கண்ணில் படாமல் ஏறி இறங்குவதே ஒரு வேலையாகிவிட்டது. பனி கரைந்ததும் மரியதாஸின் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாக, திரிம்பாக்குக்கு மாறிவிட்டார். சொல்லிவிட்டுப் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கீழ்த்தளக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்த மாதிரி இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு சொல்லு மன்னிப்புக் கேட்டால் என்ன குறைஞ்சு போவியள்?" என்று மரியதாஸ் கேட்பான்.

"வர வேண்டாம் எண்டு சொன்னவர் அவர். கூப்பிட வேண்டியதும் அவர்தான்."

"எங்க எண்டு கூப்பிடுறது? விலாசம் குடுத்தனியளோ?"

தவராஜா பேச்சை மாற்றிவிடுவார்.

அடுத்த ஆயுத பூசை செப்ரெம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. அன்று பின்னேரம் தவராஜா வேலை முடிந்து நேராக ஸ்டேசனுக்குப் போகாமல் பழைய வீட்டுப் பக்கம் நடந்தார். தெருவின் மறுபக்கத்தில் நீர்த்தொட்டி ஒன்று உண்டு. அதன் ஓரம் நின்று பார்த்தார். குசினியில் வெளிச்சம். எமிலின் முதுகு தெரிந்தது. மெலிந்திருந்தார். ஒரு கோப்பையைக் கழுவி, துடைத்து, அலுமாரியில் வைத்தார். ஒரே ஒரு கோப்பை. தெருவைக் கடந்தால் கதவு. ஆனால் இந்த நாளில் போய் நிற்பதா? துவக்கைப் பழுதாக்கியதற்கு ஆண்டுத் திதி கொண்டாட வந்த மாதிரி அல்லவா இருக்கும்? தவராஜா தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

நொவெம்பரில் ஒரு ஞாயிறு, மரியதாஸ் பொறுமையிழந்துவிட்டான்.

"ஒவ்வொரு ஞாயிறும் உங்கட மூஞ்சையைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு அண்ணை. இண்டைக்கு நீங்கள் போறியளோ, இல்லாட்டி நான் போய் அந்தாளைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

அவன் மனைவி சுடச்சுட மீன் கட்லட் பொதி செய்து கொடுத்தா. ரயிலில் தவராஜா உதட்டுக்குள் ஒன்றைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். எமில். எமில். போனதும் அப்படியே கூப்பிட்டுவிடுவது. மனிதன் எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்திருப்பார்.

கீழ்த்தளக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே இரண்டு அந்நியர்கள். மேசையிலும் நிலத்தில் விரித்த கம்பளியிலும் துவக்குகள் வரிசையாகக் கிடந்தன. படியில் இறங்கி வந்த திரேசா இவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டா.

"ராஜா, எங்க போய்த் துலைஞ்சனி? போன கிழமைதான் தாட்டது. நித்திரையிலேயே போயிட்டார். உனக்கு அறிவிக்க ஒருத்தரிட்டையும் விலாசம் இல்லை."

தவராஜா கட்லட் பொதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சொல்லிப் பழகிய பெயர் நாக்கிலேயே கிடந்தது.

உள்ளே நின்றவர்களில் ஒருவன் சூரிச் மருமகன். மற்றவன் பழைய ஆயுதங்கள் வாங்கி விற்பவன். அவன் எரிச்சலின் உச்சியில் நின்றான். "இஞ்ச பாருங்கோ, இதிலையும். இதிலையும். ஒண்டு விடாமல்! கடைசியில மனுசனுக்கு மூளை பிசகிப்போச்சு போல. வெறுங்கையால தொட விடாத ஆள்!"

தவராஜா குனிந்து பார்த்தார். ஷாஸ்போவின் குழல் தொடங்கும் இடத்தில் வட்டமாக ஒரு கறுத்த புள்ளி, அதன் நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்துபோய். க்ராவிலும் அதே இடத்தில். பெர்த்தியேயிலும். ஒவ்வொன்றிலும். லெபெல்லில் மட்டும் பழைய கறள் வட்டம் துடைக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதற்கு மேலே புதிதாக இன்னொரு மஞ்சள்.

"என்னட்டைத்தான் கடுகு வேண்டினவர்" என்றா திரேசா. "சாப்பிடுற கடுகு. குழாயில வாறது. அவரிட்டை முடிஞ்சு போச்சாம், கடையும் பூட்டியாச்சாம். மஞ்சளா இருந்தால் சரியாம். 'இது இரும்பை அரிக்குமே, எமில்' எண்டு நான் சொன்னனான். 'எனக்குத் தெரியும்' எண்டார்."

"எப்ப?" என்றார் தவராஜா.

"ஒக்ரோபர் பத்து. இண்டைக்கு ராஜாவின்ர கொண்டாட்டம், கட்டாயம் வருவான் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சார். கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, ரெண்டு கோப்பை எடுத்து வைச்சு, உன்ர அந்தப் பாலும் வேண்டி வைச்சு, இருட்டும் வரை இருந்தவர். நான் சொன்னன், இந்த வருசம் வேற நாளில வந்திருக்கும், ஈஸ்டர் மாறுறதில்லையோ எண்டு. அவர் கேக்கேல்லை. 'பத்தாம் திகதி எண்டு அவன்தான் சொன்னவன்' எண்டார்."

தவராஜா சொன்னதுதான். அந்த ஞாயிறு, அந்தக் குசினியில், கையும் காலும் ஓடாமல் நின்றபோது சொன்ன நாலு சொல்லில் எமில் அதைப் பிடித்து வைத்திருக்கிறார். அது பிறைக்கணக்கில் வருகிற நாள், வருடத்துக்கு வருடம் நகரும் என்று இவர் சொல்லவில்லை. நாள் மாறாமல் வந்திருந்தால் இருவரும் ஒரே நாளில் இந்த மேசையில் இருந்திருப்பார்கள். இவருடைய பத்தாம் திகதி அதற்குப் பத்து நாள் முன்னாலேயே வந்து, தெருவின் அந்தப் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டு போய்விட்டது. திரேசாவுக்கு அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

மருமகன் நல்ல மாதிரி ஆள். யார் என்று கேட்டான். மேலே இருந்தவன் என்றார். "ஓ, ராஜா நீங்கள்தானோ? மாமா சொல்லியிருக்கிறார். இதில ஒண்டை வைச்சிருங்கோ, இந்த லெபெல்லை இனி ஒருத்தரும் வேண்டமாட்டினம்."

ஒரு தமிழன் தோளில் துவக்கோடு ரயிலேறினால் ஒல்டனுக்கு முதலே பொலிஸ் ரயிலேறும். தவராஜா தலையை ஆட்டி மறுத்தார். ஆனால் லெபெல்லைக் கையில் எடுத்தார். கையுறை இல்லாமல், சட்டைக் கையை விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, குழலைத் துடைத்தார், மரக்கட்டையைத் துடைத்தார். காய்ந்த கடுகு உதிர்ந்தது. அடியில் இருந்த இரண்டு வட்டமும் போகவில்லை. வியாபாரி, "அது இனிப் போகாது" என்றான். "தெரியும்" என்றார் தவராஜா. கம்பளியின் மேல் மெல்ல வைத்தார்.

"இந்தக் கதிரையை என்ன செய்யப் போறியள்?" என்று மருமகனைக் கேட்டார்.

"எறியிறதுதான். ரெண்டும் பழசு."

"இதைத் தாருங்கோ."

கட்லட்டைத் திரேசாவிடம் கொடுத்துவிட்டு, கதிரையைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தார். ஞாயிறு பின்னேரம், எல்லாரும் பார்த்தார்கள். பாலத்துக்கு வந்தபோது ஆற்றைப் பார்த்து வாய்விட்டே, "எமில் அண்ணை" என்றார். பக்கத்தில் சைக்கிள் உருட்டிக்கொண்டு வந்த பெண் தன்னையோ என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனா.

ரயிலில் கதிரையை உள்ளே கொண்டுபோக வழியில்லை. கதவுகளுக்கு நடுவில், சைக்கிள் வைக்கும் இடத்தில் அதைப் போட்டு, அதிலேயே இருந்தார். சீட்டுப் பார்க்க வந்தவர் கதிரையையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். ஏதாவது சட்டம் சொல்லப் போகிறார் என்று தவராஜா நினைத்தார்.

"உள்ளுக்கு நிறைய இடம் கிடக்கு" என்றார் அவர். "போய் வசதியா இருங்கோவன்."

"இல்லை" என்றார் தவராஜா. "இது எனக்கெண்டு போட்ட கதிரை."

அவர் சீட்டில் துளை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.